குளிருக்கு ஹீட்டர், வெயிலுக்கு ஏசி... எதுக்கு செலவு அதிகம்? 1852-லேயே கணக்கு போட்ட கெல்வின் - யார் இவர்?

ஏசி போட்டாலே கரண்ட் பில் எகிறிடும் என்று பயப்படுகிறோம். ஆனால், குளிர் நாடுகளில் மாதக்கணக்கில் ஓடும் ஹீட்டரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. உண்மையில் எதற்குச் செலவு அதிகம்? இதற்கான அடிப்படைக் கணக்கை 170 ஆண்டுகளுக்கு முன்பே போட்டு வைத்துவிட்டுப் போனவர் வில்லியம் தாம்சன். லார்ட் கெல்வின் என்று சொன்னால் பள்ளிப் பாடம் ஞாபகம் வரலாம்.

10 வயதில் பல்கலைக்கழகம்

1824 ஜூன் 26-ம் தேதி அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர் தாம்சன். அப்பா கணித ஆசிரியர். ஆறு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைக்க, குடும்பமே அங்கு குடிபெயர்ந்தது. 10 வயதில் அதே பல்கலைக்கழகத்தில் மாணவரான தாம்சன், கேம்பிரிட்ஜில் மேற்படிப்பை முடித்து, 22 வயதில் அங்கேயே பேராசிரியராகத் திரும்பினார். 53 ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார்.

ஜில்லென்ற காற்றிலும் சூடு இருக்கு!

1848-ல் அவர் முன்வைத்ததுதான் இன்று கெல்வின் என்று நாம் அழைக்கும் வெப்ப அளவுகோல். தண்ணீர் உறையும் 0 டிகிரி செல்சியஸ் என்பது குளிரின் எல்லை கிடையாது. உண்மையான பூஜ்ஜியம் அதற்கும் கீழே, மைனஸ் 273 டிகிரியில் இருக்கிறது. அப்படியென்றால், பனி கொட்டும் நாளில் வெளியே இருக்கும் காற்றிலும் வெப்பம் இருக்கத்தானே செய்கிறது? அதை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவர முடியாதா?

அந்தச் சமயத்தில், ஸ்காட்லாந்து வானியலாளர் பியாஸி ஸ்மித் வெப்ப நாடுகளில் அறைகளைக் குளிர்விக்க ஒரு வழி சொல்லியிருந்தார். குளிர்விப்பதும் சூடாக்குவதும் வேறு வேறு வேலை இல்லை, ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்று தாம்சன் புரிந்துகொண்டார். 1852-ல் கட்டடங்களைச் சூடாக்குவது, குளிர்விப்பது இரண்டையும் சேர்த்தே ஒரு கட்டுரை எழுதினார்.

எப்படி வேலை செய்யும்?

காற்றை விரியவிட்டால் அது குளிரும். வெளிக்காற்றைவிட ஜில்லென்று ஆன அந்தக் காற்று, உலோகச் சுவர் வழியாக வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை அழுத்தினால் சூடாகிவிடும். அதை அறைக்குள் விட்டால் ஹீட்டர். இதையே திருப்பிப் போட்டால் ஏசி!

விறகோ நிலக்கரியோ எரித்தால், அதிலிருக்கும் வெப்பத்துக்கு மேல் ஒரு துளிகூடக் கிடைக்காது. ஆனால், வெப்பத்தை இடம் மாற்றினால் போதும் என்றால் செலவு வெகுவாகக் குறையும். இன்றைய ஹீட் பம்ப்புகள் 1 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட் வெப்பத்தைக் கொடுக்கின்றன.

செலவைத் தீர்மானிப்பது எது?

வெளியே இருக்கும் வெப்பநிலைக்கும் நமக்கு வேண்டிய வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். கிளாஸ்கோவில் ஜனவரி சராசரி சுமார் 4 டிகிரி. அறைக்குள் 21 டிகிரி வேண்டும் என்றால் இடைவெளி 17. வெப்ப நாடான சிங்கப்பூரில் சராசரி சுமார் 28 டிகிரி. அறை 24 டிகிரியில் இருக்க, இடைவெளி வெறும் 4 தான். ஈரப்பதம், வெயில், வீட்டுக்குள் இருக்கும் ஆட்களின் உடல் சூடு எல்லாம் ஏசியின் சுமையைக் கூட்டும். வருடம் முழுக்கவும் ஓட்ட வேண்டியிருக்கும். ஆனாலும், வெறும் இடைவெளியை மட்டும் பார்த்தால் குளிர் நாட்டு வீட்டுக்குத்தான் சுமை அதிகம்.

அப்புறம் ஏன் யாரும் கண்டுக்கல?

அன்றைக்கு பிரிட்டனில் நிலக்கரி தாராளமாகக் கிடைத்தது. அடுப்பில் அள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. அதனால் தாம்சனின் யோசனை வீடுகளுக்குள் நுழையவில்லை. அவரும் அட்லாண்டிக் கடலடித் தந்தி கேபிள் பணியில் இறங்கினார். 1866-ல் அது வெற்றி பெற, சர் பட்டம் கிடைத்தது. 1892-ல் பிரபு ஆனபோது, பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் நதியின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார்.

எல்லாக் கணக்கும் சரியாக வந்துவிடவில்லை. பூமி ஆறிய வேகத்தை வைத்து அதன் வயது 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என்றார். உண்மையில் சுமார் 454 கோடி ஆண்டுகள்! ஆனால், நிலக்கரி ஒருநாள் தீரும், அப்போது காற்றாலைகள் திரும்பி வரும் என்று 1881-லேயே பேசியிருக்கிறார்.

1907 டிசம்பர் 17-ம் தேதி கெல்வின் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்க ஹீட் பம்ப் பொருத்தப்பட்டது 1938-ல். அவர் கணக்குப் போட்டு 86 ஆண்டுகள் கழித்து!

நமக்கு இதில் என்ன இருக்கு?

இந்தியாவில் 2020 முதல் புது ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி இருக்கிறது. வெளியே 35 டிகிரி என்றால் இடைவெளி 11. அதை 18-க்கு இறக்கினால்? 17. அதாவது, கிளாஸ்கோ வீட்டு ஹீட்டர் ஜனவரியில் தாண்டவேண்டிய அதே இடைவெளி. ரிமோட்டை எடுக்கும்போது கெல்வினை ஒரு நிமிஷம் நினைச்சுக்கலாம்!