பத்துக் கோல் வாங்கிய பயிற்றுவிப்பாளர்

இஷாத் தொழுகை முடிந்து வந்தவர்கள் தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்ததுமே பேச்சுத் தொடங்கிவிட்டது. எங்கள் சாய்ந்தமருதில் கிரிக்கெட் பேசுகிறவர்கள்தான் அதிகம். அன்றிரவு பேசப்பட்டதோ உதைபந்து. சிறு வயதிலிருந்து நான் பார்த்துவரும் கழகம் ஒன்று பருவம் முழுவதும் தோற்றுவிட்டது. பயிற்றுவிப்பாளரும் விலகிவிட்டார். அடுத்தவர் யார் என்பதே கேள்வி.

கொழும்பிலிருந்து ஒரு முன்னாள் வீரரைச் சம்பளத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது ஒரு கூட்டம். பயிற்றுவிப்பாளர் சான்றிதழ் இல்லாத எவரும் வேண்டாம் என்றது இன்னொன்று. மூலையில் இருந்த வயதான காக்கா ஒருவர் ஊரிலுள்ள ஓர் உடற்கல்வி ஆசிரியரின் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதுகிறவரா கழகத்தைக் காப்பாற்றப் போகிறார் என்று இளைஞர்கள் சிரித்தார்கள். பேச்சு வழக்கம்போல மென்செஸ்டர் யுனைட்டட்டுக்குத் தாவியது. 2013இல் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெற்றதிலிருந்து அங்கு வந்து போனவர்களின் பெயர்களை ஒரு தம்பி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தவர் சையது அப்துல் ரஹீம். 2024இல் வெளியான 'மைதான்' என்ற ஹிந்திப் படத்தால் அவர் பெயர் தெரிந்த சிலர் கடையில் இருந்தார்கள். ஆனால் அவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர் என்பது பலர் மனதில் பதிந்திருக்கவில்லை.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17இல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றபின் ஆசிரியரானார். கச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி உள்ளிட்ட இடங்களில் கற்பித்தார். பிறகு உடற்கல்வியில் டிப்ளோமா பெற்று, மாணவர்களின் விளையாட்டைப் பொறுப்பெடுத்தார். 1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சி அவர் கைக்கு வந்தது. இந்திய உதைபந்தின் தலைநகரம் கல்கத்தா என்றிருந்த காலம் அது. அந்தப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாய் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

வகுப்பறையில் செய்ததையே அவர் மைதானத்திலும் செய்தார். பலவீனமான பாடத்துக்கு அதிக நேரம் கொடுத்தார். வலது காலால் மட்டும் அடிக்கப் பழகியவர்களுக்கு, இடது காலை மட்டும் பயன்படுத்தும் போட்டிகளை வைத்தார். பந்தைத் தன் காலிலேயே வைத்துச் சுற்றுகிறவர்களுக்கு, வாங்கியதும் கடத்திவிட வேண்டிய ஆட்டங்களை வைத்தார்.

துளசிதாஸ் பலராம் இந்தியா கண்ட சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர். செகந்தராபாத் அருகே அம்முகூடாவில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சின்னப் போட்டியொன்றில் அவரைப் பார்த்துப் பயிற்சிக்கு அழைத்தார் ரஹீம். ஹைதராபாத் வரை தினமும் வந்துபோகப் பையனிடம் வழியில்லை. சைக்கிளுக்கு ஆகும் காசை ரஹீமே கொடுத்து வரவைத்தார். அந்தப் பையன்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தவர்.

1951இல் டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் ரஹீமின் இந்திய அணி இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று தங்கம் எடுத்தது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றார்கள். குளிரில் பெரும்பாலான இந்திய வீரர்கள் சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள்.

பத்துக் கோல். இதே தோல்வி நமது கழகத்துக்கு நேர்ந்திருந்தால் அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் பயிற்றுவிப்பாளரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ஆனால் அந்தத் தோல்விக்குப் பின் இந்தியாவில் சப்பாத்து அணிவது கட்டாயமாக்கப்பட்டது. ரஹீமுக்குக் கதவும் மூடப்படவில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அவரே பயிற்றுவிப்பாளர். ஹங்கேரி விலகியதால் முதற் சுற்றைத் தாண்டிய இந்தியா, அடுத்து அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியாதான்.

அரையிறுதியில் எதிரே நின்றது மீண்டும் யூகோஸ்லாவியா. இடைவேளை வரை ஒரு கோலும் இல்லை. அதன்பின் முதலில் அடித்ததே இந்தியா. முடிவில் 4-1 எனத் தோற்றார்கள். வெண்கலத்துக்கான போட்டியிலும் பல்கேரியாவிடம் 3-0 எனத் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பினார்கள். என்னைப் பொறுத்தவரை ரஹீமின் வேலையை அளக்க, அவர் வென்ற கிண்ணங்களைவிட யூகோஸ்லாவியாவுக்கு எதிரான இந்த இரண்டு தோல்விகளே நல்ல அளவுகோல். நான்கு ஆண்டுகளில் ஓர் அணி எவ்வளவு தூரம் வந்தது என்பதை அவை காட்டுகின்றன.

கடைசி ஆண்டுகளில் அவரைப் புற்றுநோய் பிடித்தது. அந்த உடம்போடுதான் 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவுக்குப் போனார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம், தையல். ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. முன்களத்துக்கு அனுப்பினார். தென்வியட்நாமை 3-2 என வென்ற அரையிறுதியில் ஜர்னைலும் கோல் அடித்தார்.

இறுதிப் போட்டி செப்டம்பர் 4ஆம் திகதி. மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா விழாவில் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால் ஜகார்த்தா மக்கள் இந்தியர்மீது கொதித்துப் போயிருந்தார்கள். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடிய அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பாகிஸ்தான் ஹொக்கி அணியினர் மட்டும் இந்தியாவுக்காகக் கைதட்டியதை வீரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். கோல் கம்பத்தில் பீட்டர் தங்கராஜ் நின்றார். பி. கே. பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம்.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11இல், ரஹீம் காலமானார். வயது 53. ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தில் இந்தியா அதன்பின் இன்றுவரை தங்கம் வென்றதில்லை.

கதையைச் சொல்லி முடித்ததும் கடையில் ஒரு மச்சான் மறுத்துப் பேசினார். ஹைதராபாத் பொலிஸ் அணி வீரர்களுக்கு அரசாங்க உத்தியோகம் இருந்தது, நமது பையன்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் கடலுக்குப் போய்வந்து, மாலையில் பயிற்சிக்கு வருகிறவனை ரஹீமின் வீரர்களோடு ஒப்பிட முடியாது. ஆசிரியர் என்ற ஒரே தகுதியால் எவரும் ரஹீம் ஆகிவிடவும் மாட்டார். அவர் இருபது ஆண்டு காலம் ஹைதராபாத்தின் உதைபந்தையே தன் வேலையாக எடுத்துக்கொண்டவர். பெர்குசனும் 1986 நவம்பரில் மென்செஸ்டர் யுனைட்டட்டுக்கு வந்து, முதல் கிண்ணத்தை வெல்ல 1990 மே வரை காத்திருந்தார். அந்தக் கழகமும் காத்திருந்தது.

எங்கள் கழகத்தின் நிருவாகக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நடக்கிறது. அதில் எனக்கு வாக்கு இல்லை. கொழும்புக்காரரோ, சான்றிதழ்காரரோ, அந்த உடற்கல்வி சேரோ, யார் வந்தாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். சென்ற ஆண்டு பயிற்சிக்கு வந்து, சப்பாத்து வாங்க முடியாமலோ பஸ்ஸுக்குக் காசில்லாமலோ நின்றுபோன பையன்களைத் தேடிப்போக நீங்கள் தயாரா என்று வருகிறவரிடம் கேட்க வேண்டும். முதல் பெரிய தோல்விக்குப் பிறகும் அவரை வைத்திருக்க நாம் தயாரா என்று நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு கடை மூடும்போது பெயர் எதுவும் முடிவாகவில்லை. பெயர்களை விரல்விட்டு எண்ணிய தம்பி மட்டும் என் பின்னால் வந்து, பலராமுக்குச் சைக்கிள் காசு கொடுத்தது உண்மைதானா என்று கேட்டான். ஓம் என்றேன். இடைநடுவில் பயிற்சிக்கு வராமல் விட்டவர்களில் அவனும் ஒருவன் என்பது வீடு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.