கணக்குக் கேட்கக் கற்பித்த கோ. நடேசய்யர்

எச்செய்தியையும் ஆராய்ந்த பின்னரே ஏற்றல் வேண்டும் எனக் கூறும் திருக்குறளை நம் கல்லூரி மாணவர் யாவரும் மனனஞ் செய்துளர். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றுளர். சம்பள நாளிலும், கடைக்காரரின் கடன் கொப்பியைக் காணும் போதும் அக்குறளை நினைவுகூர்வோர் எத்துணைப் பேர் என்பது வேறு கேள்வி. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வந்து கற்ற பழைய மாணவர்க்கு இக்கேள்வியின் கூர்மை தெரியும். அவர்தம் பாட்டன்மார், கேள்வி கேட்பதே குற்றமெனக் கருதப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர். அக்காலத்தில் அவர்களுக்குக் கேட்கக் கற்பித்தவர் கோதண்டராம நடேசய்யர்.

தஞ்சைப் பகுதியிற் பிறந்த இவர், வர்த்தகரின் நலன்பற்றிப் பத்திரிகை நடத்தியவர். வர்த்தகர் சங்கப் பணியாக 1915ஆம் ஆண்டில் கொழும்புக்கு வந்தார். தோட்டத் தமிழரின் வாழ்வை நேரிற் காண விழைந்தார். ஆயினும் துரைமாரின் அனுமதியின்றி அயலார் தோட்டத்துள் நுழைதல் ஆகாது. பிறர் கூறியதைக் கேட்டு எழுதிவிட்டுக் கப்பலேறியிருக்கலாம். அவரோ புடைவை வியாபாரி போல் மூட்டை சுமந்து லயங்களுட் புகுந்தார். கண்ணாற் கண்ட பின்னரே எழுதினார்.

அங்கே அவர் கண்டவற்றுள் நமக்கு முதன்மையாகத் தோன்றுவது கணக்கு. விடியலிற் பிரட்டுக்களத்திற் கூடிய தொழிலாளிக்கு அன்றைய வேலை முடிந்ததும் 'பேர்' விழும். கொழுந்து குறைந்தது, பால் குறைந்தது என்று கணக்கப்பிள்ளை கருதினால் 'அரைப்பேர்' விழும். கொடுத்த அரிசியின் விலை சம்பளத்திற் கழியும். ஊரிலிருந்து வந்த வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கிற் கடனாக நிற்கும். அக்கங்காணிக்கோ, வேலைக்குச் சென்ற ஒவ்வோராளுக்கும் நாள்தோறும் 'பென்ஸ் காசு' கிடைக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின் கடன்தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். அத்தொகையைப் புதிய தோட்டம் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்ளும். ஒரு மனிதனின் விலையே ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருக்க, அதனை வாசிக்கவறியாதவனாய் அவனே அதைச் சுமந்து சென்றான். இத்தனையையும் அவன் தலைவிதி என்றான். விதி என்று பெயரிட்டபின் கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனாற் சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. பழக்கமோ லயத்தில் இருந்தது. நடேசய்யரின் பணி இவ்விரண்டுக்கும் இடையிலேயே நிகழ்ந்தது எனலாம். 1921இல் தேசநேசன், 1924இல் தேசபக்தன் என இரு பத்திரிகைகளின் வாயிலாக அவர் எழுதினார். சட்டங்களையும் தொழிலாளரின் உரிமைகளையும் எளிய தமிழிற் சிறு நூல்களாக்கினார். எழுத்தறியாதார்க்கு அவர் மனைவி மீனாட்சியம்மையார் பாட்டியற்றிப் பாடினார். பாட்டு லயத்துக்குப் போக அனுமதி வேண்டியதில்லை.

1927ஆம் ஆண்டுக் குறைந்த கூலிச் சட்டத்தின்படி 1929 முதற் கூலி வகுக்கப்பட்டது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. தாழ்நாட்டிற் பெண்ணுக்கு 40, சிறுவர்க்கு 30. சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்கள் பல பின்னிரு வகையின. இவ்வெண்களை அறிந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவன், மாதத்தில் 24 பேர் விழுந்தால் 12 ரூபா வரவேண்டும் என்று விரல்விட்டு எண்ணலாம். கைக்கு 8 ரூபா வந்தால், மீதி 4 ரூபா எங்கே என்று கேட்கலாம். அரிசிக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, அரைப்பேர் எந்நாளில் விழுந்தது, எதனால் விழுந்தது என்று அடுத்த கேள்விகள் தாமே எழும். தருக்க சாத்திரம் கல்லாத ஒருவனுக்கு இதனினும் சிறந்த தருக்கப் பயிற்சி யாதுளது? துரைமாரும் பெரிய கங்காணிகளும் நடேசய்யரை வெறுத்ததன் காரணமும் இதுவே என்பது நம் கருத்து. கூச்சலிடுபவனை அதட்டி அனுப்பிவிடலாம். கணக்குக் கேட்பவனுக்குக் கணக்கையல்லவா காட்டவேண்டும்.

1925இற் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். தொழிற்சங்கப் பணியில் ஏ. ஈ. குணசிங்காவுடன் இணைந்து நின்றவர், அத்தலைவர் இந்தியத் தொழிலாளரை எதிர்க்கத் தலைப்பட்டதும் 1928இல் விலகினார். 1931 சனவரியில் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அக்காலம் உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். இறப்பர் விலை வீழ்ந்தது, கூலி குறைக்கப்பட்டது, வேலையிழந்தோர் பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். விலை ஏறிய காலத்தில் ஏறாத கூலி, விலை இறங்கியதும் ஏன் உடனே இறங்குகிறது என்னும் கேள்வி அந்நாளிற் பொருந்திய கேள்வியே. 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவ்வாண்டிலேயே நம் மாகாணத்து றுவான்வெல்லையிலிருந்து என். எம். பெரேராவும், அயலிலுள்ள அவிசாவளையிலிருந்து பிலிப் குணவர்த்தனாவும் அச்சபை புகுந்தனர்.

நடேசய்யரைக் குறையற்றவராகக் காட்டுதல் நம் நோக்கமன்று. பலருடன் சேர்ந்தார், பலருடன் பிரிந்தார். தனித்து நடப்பதில் அவருக்கிருந்த விருப்பம், பெரியதோர் இயக்கத்தைக் கட்டுதற்கு இடையூறாயிற்று எனக் கருதுகிறோம். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. அதன் தொழிற்சங்கம் 1940இல் எழுந்ததும் தொழிலாளர் பெருந்தொகையினராய் அதன்பாற் சென்றனர். எவரையும் நிறுத்துப் பார் என்று கற்றவர்கள் கற்பித்தவரையும் நிறுத்துப் பார்த்தனர். அதனை நன்றியின்மை என்று கூற நமக்கு மனமில்லை. 1947இல் அமைந்த முதற் பாராளுமன்றத்தில் அவருக்கு இடமிருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிற் காலமானார்.

மறு ஆண்டிற் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனால் நாடற்றோரான தோட்டத் தமிழர்க்கு, 1949ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி வகுத்தது. திருமணமானோர் 7 ஆண்டும் ஆகாதோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. அட்டையும் பனியும் பாராது உழைத்தவர்கள், தம் வாழ்வுக்கான சான்றைக் காகிதங்களில் தேடத் தொடங்கினர்.