ருடால்ப் டீசல்

ஊர்திகளுக்கு எண்ணெய் வழங்கும் நிலையங்களில் டீசல் என்னும் சொல் எழுதப்பட்டிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அஃது ஓர் எண்ணெயின் பெயர் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது மனிதர் ஒருவரின் குடும்பப் பெயராகும். சிறு சரக்கு ஊர்தி முதல் மாகடலைக் கடக்கும் கப்பல் வரை உலகின் பாரத்தைச் சுமக்கும் இயந்திரத்தை ஆக்கித் தந்த ருடால்ப் டீசல் என்பவரே அவர். ஆயினும், தம் இயந்திரம் பூட்டிய ஊர்திகள் சாலைகளில் நிறைந்து ஓடுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அதற்குத் தடையாய் நின்றது மலை போன்ற பொருள் எதுவுமன்று. ஒரு துளி எண்ணெயை உரிய வேளையில், உரிய அளவில், சிறிதும் ஒழுகாமல் இயந்திரத்திற்குள் செலுத்தும் எளிய கருவி அக்காலத்தில் அமையாமையே அத்தடையாகும்.

டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியினின்றும் பிழைப்பை நாடி அங்குக் குடியேறியவர்கள். தந்தையார் தியோடர் தோற்பொருள்கள் செய்து விற்று வந்தார். செய்து முடித்த பொருள்களை வாங்குவோர் வீடுகளில் கொண்டு சேர்ப்பது சிறுவன் ருடால்பின் வேலை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவன் பாரிசிலிருந்த தொழிற்கலை அருங்காட்சியகத்திற்குச் சென்று, பழைய இயந்திரங்களின் முன் நெடுநேரம் நிற்பான். கூன்யோ என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த நீராவி வண்டியும் அங்கே வைக்கப்பட்டிருந்தது.

1870-ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பாரிசில் வாழ இயலாத நிலை ஏற்பட்டமையால், டீசல் குடும்பத்தார் இலண்டன் மாநகரில் அடைக்கலம் புகுந்தனர். அங்கு வறுமை வாட்டியது. பன்னிரண்டு வயதே நிறைந்த ருடால்பு, ஆக்ஸ்பர்க் நகரில் கணித ஆசிரியராக இருந்த உறவினர் வீட்டிற்குத் தனியே அனுப்பப்பட்டான். போர் பிரித்த பிள்ளைக்கு அவ்வூரே கல்விக்கூடமாயிற்று. தாம் பொறியியல் வல்லுநராதல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது அவருக்கு வயது 14.

ஆக்ஸ்பர்க் பள்ளியில் ஒரு சிறு கருவி இருந்ததென்பர். அஃது ஒரு குழலும், அதனுள் இறுகப் பொருந்திய ஒரு தண்டும் உடையது. தண்டினைச் சட்டென்று உள்ளே அழுத்தினால், நெருக்குண்ட காற்று சூடேறி, அடியில் வைத்த பஞ்சு தீப்பற்றிக்கொள்ளும். தீக்குச்சி இல்லை, பொறி இல்லை, காற்றை நெருக்குவதே நெருப்பாகிறது. பிற்காலத்தில் அவர் படைத்த இயந்திரத்தின் உயிர்நிலை இக்கருத்தேயாகும்.

உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் பயின்றார். குளிர்பதன இயந்திரங்களால் புகழ் பெற்ற கார்ல் வான் லிண்டே அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். நீராவி இயந்திரம் தான் உண்ணும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கையும் பயன்படுத்துவதில்லை என்று லிண்டே ஒரு நாள் பாடத்தில் விளக்கினார். மீதி வெப்பம் அனைத்தும் புகையாய்ப் போகின்றது! இச்செய்தி மாணவர் டீசலின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. 1880-ஆம் ஆண்டில் மிக உயர்ந்த தேர்ச்சி பெற்று வெளியேறி, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிலில் பாரிசிலும் பின்னர்ப் பெர்லினிலும் பணியாற்றியபோதும் அம்முள் அகலவில்லை. 1892-ஆம் ஆண்டில் அவர் புதிய வெப்ப இயந்திரம் ஒன்றிற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். மறு ஆண்டு அது கிடைத்தது. அவ்வாண்டே அதன் கொள்கையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார்.

உருளை எனப்படும் சிலிண்டருக்குள் வெறுங்காற்றை இழுத்து, அதனைப் பிஸ்டனால் மிக நெருக்க வேண்டும். அப்போது காற்றின் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடையும் தாண்டும். அந்நேரம் பார்த்து எண்ணெயைத் துளித்துளியாய்த் தூவினால் அது தானே பற்றி எரிந்து பிஸ்டனைத் தள்ளும். ஏட்டில் இஃது எளிது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிஷ் வான் பூஸ், இளைஞரின் ஏட்டை நம்பித் தம் பட்டறையைத் திறந்துவிட்டார். எசென் நகரத்துக் குருப்பு நிறுவனத்தாரும் பொருளுதவி செய்தனர்.

பட்டறையில்தான் தொல்லை தொடங்கிற்று. டீசல் தம் நூலில் 250 வளிமண்டல அழுத்தத்தைக் கருதியிருந்தார். அதனைத் தாங்கும் இரும்பும், அடைக்கும் அடைப்பும் அன்று இல்லை. 30 முதல் 40 வளிமண்டலம் என்னும் அளவிற்கு அவர் இறங்கிவர நேர்ந்தது. அவ்வளவு அழுத்தத்திற்கும் பிஸ்டனின் ஓரத்தில் காற்றுக் கசிந்தது. வால்வுகள் சரியாக அடையவில்லை. குழாய் இணைப்புகள் ஒழுகின. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் முதன்முறையாக எண்ணெய் செலுத்தப்பட்டபோது, உருளைக்குள் வெடி போன்ற எரிதல் நிகழ்ந்து, அழுத்தம் அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. அருகில் நின்றோர் மயிரிழையில் உயிர் தப்பினர். இயந்திரம் ஓடவில்லை. ஆனால், தீக்குச்சியும் மின்பொறியும் இன்றி எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பது மெய்யாயிற்று. அன்றைய தோல்வியில் டீசலுக்குக் கிடைத்த ஆறுதல் அதுவே.

இயந்திரம் மாற்றியமைக்கப்பட்டது. தொழிற்சாலையின் வாரினால் சுழற்றப்பட்டு வந்த அவ்வியந்திரம், 1894-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள், திடீரெனத் தானே வாரினை இழுக்கத் தொடங்கியது. முதலில் அதனைக் கண்டவர் பக்கத்தில் நின்ற தொழிலாளி. அவர் வாய் திறவாமல் தம் தொப்பியைக் கழற்றி வணங்கினார் என்று கூறுவர். இயந்திரம் தன் ஆற்றலால் ஓடியது ஒரே ஒரு நிமிடம். அந்நிமிடத்தில் அது சுழன்றது 88 முறை.

எஞ்சிய இடர்களுள் பெரியது எண்ணெயைத் தூவுவதே. உருளைக்குள் காற்று இறுகியிருக்கும். அவ்வழுத்தத்தை வென்று எண்ணெய் நுண்துகளாய் உட்புக வேண்டும். பம்பு ஒன்றைக்கொண்டு எண்ணெயை நேரே செலுத்த டீசல் முயன்று பார்த்தார். அக்காலத்துப் பம்புகளால் அவ்வளவு சிறிய அளவைப் பிசகாமல் அளந்து தர முடியவில்லை. ஆகவே, காற்றழுத்தி ஒன்றை இயந்திரத்தோடு இணைத்து, அதிலிருந்து வரும் கடுங்காற்றினால் எண்ணெயை ஊதிச் செலுத்தினார். வழி பிறந்தது; ஆனால் அக்காற்றழுத்தி பருத்தது, விலை மிக்கது, அடிக்கடி பழுதுபடுவது. இயந்திரத்தின் ஆற்றலில் ஒரு பகுதியையும் அது விழுங்கிவிட்டது.

1897-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் புதிய இயந்திரத்தைச் சோதித்தார். எண்ணெயின் வெப்பத்தில் 26 விழுக்காட்டுக்குச் சற்று மேல் அது வேலையாக மாற்றியது. அந்நாளில் வேறு எந்த வெப்ப இயந்திரமும் எட்டாத உயரம் அது. பல நாட்டுத் தொழிலதிபர்களும் உரிமை வாங்க முந்தினர். அமெரிக்க உரிமைக்கு மட்டும் 10 இலட்சம் மார்க்கு கிடைத்தது. டீசல் செல்வரானார்.

செல்வம் வந்த வேகத்தில் குறைகளும் வந்தன. சோதனைக் கூடத்தில் வல்லுநர் கைபட்டு ஓடிய இயந்திரம், விற்பனைக்குச் சென்ற இடத்தில் நோய்ப்பட்டது. கெம்ப்டன் என்னும் ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலையில் 1898-ஆம் ஆண்டு 60 குதிரைத்திறனுடைய இயந்திரம் நிறுவப்பட்டது. அஃது உடனே ஒழுங்காக ஓடிவிடவில்லை. பட்டறையிலிருந்து ஆட்கள் சென்று சீர்செய்ய வேண்டியதாயிற்று. வேறு சிலர் வாங்கிய இயந்திரங்களைத் திருப்பியே அனுப்பினர். டீசலின் பெயர் நகைப்பிற்கிடமாயிற்று. உடலும் உள்ளமும் தளர்ந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் மருத்துவ இல்லத்தில் தங்க நேர்ந்தது. வால்வையும் தூவியையும் ஒவ்வொன்றாகத் திருத்தி, அவ்வியந்திரத்தைக் காத்தவர்கள் பெயர் அறியப்படாத பட்டறைத் தொழிலாளர்கள் பலர்.

அன்று கெம்ப்டனில் வருத்திய நோய்கள் இன்றும் மறைந்துவிடவில்லை. சிறு சரக்கு ஊர்தி ஒன்று காலையில் கிளம்ப மறுக்கிறது எனக் கொள்வோம். கைதேர்ந்த தொழிலாளி முதலில் எண்ணெய்க் குழாய்களையே நோக்குவார். தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயின் இணைப்பு மயிரிழை தளர்ந்திருந்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். சில வேளை வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. எண்ணெயோ எளிதில் நெருங்காதது, காற்றோ நெருங்குவது. பம்பின் உழைப்பு அக்காற்றை நெருக்குவதிலேயே கழிந்துபோக, நாசில் எனப்படும் தூவுமுனை திறவாது. தேய்ந்த செப்பு வாஷரை மாற்றி இணைப்பை இறுக்கியபின், கைப்பம்பினை அழுத்தி, திருகாணி வழியே குமிழிகள் நிற்கும்வரை காற்றை வெளியேற்றினால் இயந்திரம் உயிர்பெறும். வடிகட்டியின் அடியில் தங்கிய நீரையும் அவர் வடித்துவிடுவார். கரும்புகை கக்கினால் எண்ணெய் மிகுந்தது அல்லது காற்று குறைந்தது என்றும், வெண்புகை வந்தால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது என்றும் உணர்வார். ஒரு செய்தியில் மட்டும் துணிச்சல் கூடாது. இக்கால இயந்திரங்களில் எண்ணெயின் அழுத்தம் 2,000 வளிமண்டலத்தையும் எட்டும். அத்தகைய குழாயின் கசிவை விரலால் தடவிப் பார்ப்போர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அத்தாரை தோலைத் துளைத்து உடலுள் புகும். வலி சிறிதாயினும் உடனே மருத்துவரிடம் செல்லாவிடில் கையையே இழக்க நேரும். ஓர் அட்டையைப் பிடித்துப் பார்ப்பதே முறை.

1900-ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் டீசல் இயந்திரம் உயரிய பரிசு பெற்றது. அங்கு ஒரு சிறிய இயந்திரம் நிலக்கடலை எண்ணெயினால் ஓடியது. பார்த்தோருள் பலர் அதனை அறியவேயில்லை. பின்னர் வந்த ஆண்டுகளில் இயந்திரம் திருந்தியது. தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சனின் கப்பலாகிய பிராம் டீசல் இயந்திரம் உடையது. 1912-ஆம் ஆண்டில் செலாண்டியா என்னும் டேனிஷ் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் நோக்கி அவ்வியந்திரத்தாலேயே சென்றது. கப்பலில் இடம் உண்டு. பருத்த காற்றழுத்தியைச் சுமக்கலாம். சாலை ஊர்தி அதனைச் சுமப்பது எங்ஙனம்? 1908-ஆம் ஆண்டில் ஊர்திக்கேற்ற சிறிய இயந்திரம் ஒன்றை ஆக்க டீசல் முயன்றார்; அம்முயற்சி கனியவில்லை.

இதற்கிடையே நில வாணிகத்திலும் பிறவற்றிலும் இட்ட பொருளை அவர் இழந்தார். கடன் பெருகியது. இயந்திரத்தின் நுட்பம் அறிந்த அவருக்குப் பணத்தின் நுட்பம் கைவரவில்லை. 1913-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்வதற்காக ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் அவர் ஏறினார். உடன் வந்தவர்களோடு உணவருந்தி, காலையில் எழுப்புமாறு சொல்லிவிட்டுத் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாய் இருந்தது. சில நாட்களுக்குப் பின் டச்சுப் படகினர் கடலில் மிதந்த உடல் ஒன்றைக் கண்டனர். அதிலிருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே விட்டனர். அப்பொருள்கள் தம் தந்தையாருடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் கூறினார். 55 வயதில் நேர்ந்த அம்முடிவு எவ்வாறு நிகழ்ந்தது என்பது இன்றும் ஐயத்திற்கிடமாகவே உள்ளது.

முதல் உலகப் போருக்குப் பின்னரே ஜெர்மனியில் டீசல் சரக்கு ஊர்திகள் ஓடத் தொடங்கின. காற்றழுத்தி இல்லாமலே எண்ணெயைத் தூவும் வழிகளை அறிஞர் பலர் கண்டனர். 1922-ஆம் ஆண்டில் ராபர்ட் பாஷ் தம் ஸ்டுட்கார்ட்டு நிறுவனத்தாரிடம் எண்ணெய் செலுத்தும் பம்பு ஒன்றை உருவாக்குமாறு பணித்தார். மிகச் சிறிய எண்ணெய் அளவைப் பிசகாமல் அளந்து, கசியாமல், கணத்தில் செலுத்தும் அப்பம்பு கைக்குள் அடங்கும் பகுதிகளால் ஆனது. டீசல் தேடிக் காணாதது. 1927-ஆம் ஆண்டு இறுதியில் அது பெருந்தொகையாகச் செய்யப்படலாயிற்று. டீசல் மறைந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.