வண்டின் வண்ணம் படித்த வாலஸ்

டார்வினோடு சேர்த்து எண்ணத்தக்க பெருமை வாய்ந்தவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 1823-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்த அவர், குடும்ப வறுமை காரணமாகப் பதினான்காம் அகவையிலேயே பள்ளியை விட்டு நீங்கினார். நில அளவைத் தொழில் கற்றார். பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியரானார். அங்கு 1844-இல் நண்பரான ஹென்றி பேட்ஸ், தாம் சேர்த்த வண்டுகளை அவருக்குக் காட்டினார். ஒரு நகரைச் சுற்றியே இத்துணை வகைகளா என்று எழுந்த வியப்பு அவர்தம் வாழ்வின் திசையையே மாற்றிற்று.

1848-இல் நண்பர் இருவரும் அமேசான் காடுகளுக்குச் சென்றனர். நான்காண்டுகள் உழைத்துத் திரட்டிய செல்வத்துடன் வாலஸ் 1852-இல் திரும்பியபோது, நடுக்கடலில் கப்பல் தீப்பற்றி எரிந்தது. பத்து நாட்கள் படகில் தத்தளித்து உயிர் தப்பினார். எனினும் அவர் சோர்ந்து அமரவில்லை. 1854-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

அங்குப் புக்கிட் தீமா குன்றில் சீனத் தொழிலாளர் மரம் வெட்டிக்கொண்டிருந்தனர். உடலினும் நீண்ட உணர்கொம்புகளை உடைய நெடுங்கொம்பு வண்டுகள், வெட்டுண்ட மரத்தையும் பட்டையையும் நாடி வருவன. அவற்றின் புழுக்கள் மரத்தைத் துளைத்து வளர்வன. ஆதலின் இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றுள் 130 நெடுங்கொம்பினம். மறு ஆண்டு சரவாக்கில், நிலக்கரிச் சுரங்கத்திற்காகக் காடு அழிக்கப்பட்ட சிமுஞ்சானிலும் அவருக்குப் பெரும் வேட்டை வாய்த்தது. பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு கொடுத்து உள்ளூர் மக்களிடமும் பெற்றார்.

வாலஸ் எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. நிறத்தையும் இடத்தையும் இணைத்துப் பார்த்தார். புலிவண்டுகளுள் ஒன்று பட்டுப்போன்ற கரும்பச்சை. அது மலையோடையின் பாசி படிந்த ஈரக்கற்களில் மட்டுமே வாழக் கண்டார். பழுப்பு நிறத்தது காட்டுவழிச் சருகுகளின்மேல் திரிந்தது. உவர்ச்சதுப்பில் வாழ்ந்த மற்றொன்றோ சேற்றின் நிறமே கொண்டிருந்தது. வெயிலில் அதன் நிழல் விழுந்தாலன்றி அதனைக் காண இயலவில்லை. வண்டின் வண்ணம் வெறும் அழகன்று, அதன் வாழிடம் தந்த காப்பு என்பதை 1867-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்.

எட்டாண்டுகளில் மலாய்த் தீவுகளில் அவர் திரட்டிய உயிரின மாதிரிகள் 1,25,660. அவற்றுள் 83,200 வண்டுகள். இப்பணியில் சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞரின் துணை பெரிது. சமையலுக்கென வந்த அவர், பறவை சேகரிப்பதில் வல்லவரானார். அத்தீவுகளில் இருந்தபோதே, 1858-இல், இயற்கைத் தேர்வுக் கொள்கையை எழுதி டார்வினுக்கு விடுத்தார் வாலஸ்.

மரம் வீழ்ந்த இடத்தில் வண்டுகளை அள்ளிய அவரே, காடு முற்றும் வீழ்ந்தால் விளைவது யாது என்பதையும் உணர்ந்தார். ஒவ்வோர் உயிரினமும் பூமியின் வரலாற்று நூலில் ஓர் எழுத்துப் போன்றது. எழுத்துகள் அழிந்தால் நூலே விளங்காது போகும் என 1863-இலேயே எச்சரித்தார். 1913-இல், தொண்ணூறாம் அகவையில் மறைந்தார்.

தீப்பெட்டியில் பொன்வண்டை அடைத்து விளையாடிய இளமை நம்மில் பலர்க்கு உண்டு. அப்பொன்வண்டு வாழ்ந்த மரம் இன்று நம் ஊரில் நிற்கின்றதா? மாணவச் செல்வங்கள் சென்று பார்த்து வருதல் நன்று. கல்லூரி காணாத வாலஸ் கற்றதும் அவ்வாறே.