நாராயண மேகாஜி லோகண்டே

பம்பாய் மாநகரின் சிறப்பை எடுத்துரைப்போர் அதன் துறைமுகத்தையும் பருத்தி வணிகரையுமே பெரிதும் புகழ்வர். ஆங்குள்ள ஆலைகளில் நூல் நூற்றுத் தேய்ந்த ஏழை மக்களை நினைப்போர் சிலரே. அவர்கள்பொருட்டு வாய்திறந்த பெரியார் லோகண்டே ஆவர்.

இவர் 1848-ஆம் ஆண்டில் தாணாவில் எளிய குடியொன்றில் தோன்றினார். ஓரளவு கல்வி கற்று, இருப்புப்பாதை அலுவலகத்திலும் தபால் இலாகாவிலும் எழுத்தராய்ப் பணிபுரிந்து, பின்னர் ஓர் ஆலையின் பண்டகசாலையில் அமர்ந்தார். காவஸ்ஜி தாவர் 1854-இல் முதல் ஆலையை நிறுவியபின் அந்நகரில் ஆலைகள் விரைந்து பெருகின. விளைநிலம் போதாத இரத்தினகிரி, சாத்தாரா முதலிய நாடுகளினின்று மக்கள் வேலை தேடித் திரண்டனர். சால் எனப்பெறும் நெடிய கட்டிடங்களில் ஓரறைக்குள் ஒரு குடும்பம் ஒடுங்கிக் கிடக்கும். ஊரில் மனைவி மக்களை விட்டுவந்த ஆடவரோ பலர் கூடி ஓரறையில் உறங்குவர். பொழுது புலரச் சங்கு ஊதினால் பொழுது சாயும்வரை வேலை. ஆதலின் பகல் நீண்ட கோடையில் உழைப்பும் நீண்டது. வேலை கொடுப்பவனும் நீக்குபவனும் மேஸ்திரியே. அவன் கையை நனையாமல் விட்டவனுக்கு ஆலையில் இடமில்லை. கூலியும் காலந்தாழ்ந்தே கிடைத்தது. பண்டிகை நாட்களன்றி ஓய்வென்பது அரிது. ஞாயிற்றுக்கிழமையிலும் இயந்திரங்களைத் துடைக்க அழைக்கப்பட்டனர்.

இவற்றையெல்லாம் ஆலைக்குள்ளிருந்தே லோகண்டே கண்டார். சோதிராவ் புலேயின் சத்தியசோதக சமாஜத்தில் ஈடுபட்டிருந்த அவர், 1880-இல் தீனபந்து என்னும் மராட்டிப் பத்திரிகையை ஏற்று நடத்தலானார். 1881-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் சிறுவர்க்கே சிறிது காப்பளித்தது. எனவே 1884 செப்டம்பரில் பரேலில் தொழிலாளரைக் கூட்டி, 5,500 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பமொன்றை அரசினர்க்கு அனுப்பினார். வாரம் ஒருநாள் ஓய்வு, நண்பகலில் அரைமணி நேரம், உரிய காலத்தில் கூலி, வேலையில் ஊனமுற்றோர்க்கு உதவி என்பனவே அவர்கள் கேட்டவை. இவை மிகையென்று யார் கூறுவார்? ஆயினும் கூறினர். இலங்காஷயர் முதலாளிகள் பம்பாய்த் தொழிலைக் கெடுக்கவே சட்டம் வேண்டுகின்றனர் என்று தேசப்பற்றுள்ள பத்திரிகைகள் பலவும் எதிர்த்தன. அவ்வையம் முற்றும் பொய்யன்று. எனினும், தறியின்முன் நின்றவன் கால்வலியை அது தீர்த்திலது.

அவர் அமைத்த சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியும் நிதியும் இல்லை. அதனைத் தொழிற்சங்கமென்று கொள்ளலாகாதென்பாரும் உளர். அது மெய்யே. ஆயின் 1890 ஏப்ரலில் அவர் அழைப்பிற்குப் பதினாயிரவர் திரண்டனர். அக்காலத்து வழக்கத்துக்கு மாறாகப் பெண்கள் இருவரும் மேடையேறிப் பேசினர். அவ்வாண்டு சூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு ஓய்வுக்கு இசைந்தனர். அந்நாள் மராட்டியர்க்குக் கண்டோபா வழிபாட்டு நாளுமாகும். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்டிர்க்கு 11 மணியென்றும் சிறுவர்க்கு 7 மணியென்றும் வேலையை வரையறுத்தது.

1896-இல் பம்பாயிற் கொள்ளைநோய் புகுந்தது. தொழிலாளர் பல்லாயிரவர் நகரை விட்டோடினர். லோகண்டே அகலாது நோயுற்றோர்க்குத் தொண்டு செய்து, அந்நோயாலேயே 1897 பிப்ரவரி 9-ஆம் நாள் காலமானார். ஆலைகளில் ஆடவர்க்குரிய வேலைநேரம் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது 1911-இலேதான்.