பாதரசத் துளியில் தொடங்கிய வில்லை

அசையும் பாகம் ஏதுமின்றி, மின்னழுத்தத்தால் மட்டுமே தன் வளைவை மாற்றிக்கொள்ளும் திரவ நுண்வில்லைகள் இன்று தொழிற்சாலைகளில் பார்கோடு படிக்கும் கருவிகளுக்குள் இருக்கின்றன. சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிமிழுக்குள் நீரும் எண்ணெயும் சந்திக்கும் பரப்புதான் அங்கே வில்லை. இதன் வேரைத் தேடிச் சென்றால், 1845-இல் லக்சம்பர்க்கில் பிறந்து பாரீஸில் வளர்ந்த கேப்ரியல் லிப்மனிடம் வந்து நிற்போம்.

விருப்பமான பாடங்களில் மட்டுமே கவனம் செலுத்தியதால் ஆசிரியப் பணிக்கான தேர்வில் தோற்றவர் அவர். எனினும் 1873-இல் பிரெஞ்சு அரசு அவரை ஆய்வுக்காக ஜெர்மனிக்கு அனுப்பியது. ஹைடல்பர்க்கில் உடலியல் பேராசிரியர் கியூனே ஒரு சோதனையைக் காட்டினார். நீர்த்த கந்தக அமிலத்தில் கிடந்த பாதரசத் துளியை இரும்புக் கம்பியால் தொட்டதும் அது சுருங்கியது. கம்பியை எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பியது. பிறர் வேடிக்கையாகக் கண்டு கடந்திருக்கக்கூடிய இதனை லிப்மன் அளக்கத் தொடங்கினார். மின்னழுத்தம் மாறினால் பரப்பு இழுவிசையும் மாறும் என்று 1875-இல் நிறுவினார். அந்த அடிப்படையில் அவர் அமைத்த மின்னழுத்தமானியைக் கொண்டே, 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார்.

ஆனால், 1908-இல் லிப்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது வண்ண ஒளிப்படத்துக்காக. சாயமே இல்லாமல், ஒளியலைகளின் குறுக்கீட்டால் நிறம் காட்டிய தகடுகள் அவை. அழகில் குறைவில்லை, படமெடுக்க நெடுநேரம் பிடித்தது, படியெடுக்கவும் வழியில்லை. ஒரே படத்தை லட்சக்கணக்கில் நாட்காட்டியாக அச்சிட்டு அனுப்பும் சிவகாசியை அடுத்த திருத்தங்கலில் வாழும் எனக்கு, இதன் பொருளாதாரத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அத்தகடுகளுக்குச் சந்தை உருவாகவேயில்லை. பரிசு பெற்ற கண்டுபிடிப்பு காட்சிப்பொருளாயிற்று. இளமையில் ஆராய்ந்த துளியோ பிழைத்துக்கொண்டது.

மேரி கியூரிக்குத் தம் ஆய்வகத்தில் இடமளித்தவரும், 1898-இல் அவருடைய கதிரியக்க ஆய்வுரையை அறிவியல் கழகத்தில் முன்வைத்தவரும் லிப்மனே. இதைப் பலர் மறந்துவிட்டனர்.

ஆய்வுச் செலவின் பயனைச் சில ஆண்டுக் கணக்கில் மதிப்பிட மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். அந்தத் தராசில் பாதரசத் துளியை வைத்திருந்தால் நிதியே கிடைத்திராது. மின்னழுத்தம் சற்றுக் கூடினாலே நீர் மின்பகுப்புக்கு உள்ளாகிவிடும் என்பதே நீண்டகாலத் தடையாக இருந்தது. 1990-களில் பிரான்சின் புருனோ பெர்ஜ், இடையே மெல்லிய மின்காப்புப் படலமிட்டு அதை நீக்கினார். 2000-இல் குவியத்தூரம் மாறும் திரவ வில்லையை விவரித்தார். கனடாவிலிருந்து திரும்பும் கப்பலில் லிப்மன் மறைந்தது 1921 ஜூலை 13-ஆம் நாள்.