மைதானம் பெருக்கியவர் வீசிய பந்து

அறுவடை முடிந்த வயலில் மூன்று குச்சி நட்டு கிரிக்கெட் ஆடும் பையன்களைத் திருக்கனூர்ப் பக்கம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். காலனிப் பையன்களும் ஊர்ப் பையன்களும் சேர்ந்து ஆடும் இடங்களும் உண்டு. தனித்தனியாகத் திடல் பிரித்துக்கொண்டு ஆடும் இடங்களும் உண்டு. எங்கே ஆடினாலும் மட்டை பிடிக்க எல்லோரும் முந்துவார்கள். வெயிலில் ஓடி ஓடிப் பந்து வீசுவதற்குத்தான் ஆள் தேட வேண்டும்.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான் இருந்தது. மட்டை பிடிப்பது துரைமார்களின் வேலை, பந்து போடுவது வேலைக்காரர்களின் வேலை. அப்படிப் பந்து போட்ட வேலைக்காரர் ஒருவர்தான் தன் காலத்தில் இந்தியாவின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் ஆனார். அவர் பெயர் பல்வங்கர் பாலு. கிரிக்கெட்டை உயிராக நினைக்கும் நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

கலை என்றால் பாட்டும் கூத்தும் சிற்பமும் மட்டும் என்று நாம் நினைப்பதில்லை. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பொம்மைக்குக் கண் எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அந்தக் கை எத்தனை வருடம் பழகியிருக்க வேண்டும் என்பது புரியும். விரலால் பந்தைச் சுழற்றி, எதிரில் நிற்பவர் நினைக்காத இடத்தில் அதை விழவைப்பதும் அப்படிப்பட்ட கைவேலைதான்.

பாலு 1870-களின் நடுவில் தார்வாடில் பிறந்தார். குடும்பம் கொங்கணப் பகுதியைச் சேர்ந்தது. பல்வண் என்ற ஊரிலிருந்து பல்வங்கர் என்ற பெயர் வந்தது. தோல் வேலை செய்யும் சமார் சாதி, அதாவது அன்றைய கணக்கில் தீண்டத்தகாத சாதி. அப்பாவுக்குப் பட்டாளத்தில் வேலை. அம்பேத்கரின் அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். நம் மக்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தையும் மாதச் சம்பளத்தையும் முதலில் காட்டியது பட்டாளம்தான். கிரிக்கெட்டையும் அதுதான் காட்டியது. புனேயில் வெள்ளைக்கார அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் விளையாடப் பழகினார்கள்.

வீட்டு வறுமையில் பாலுவின் படிப்பு நின்றது. பார்சிக்காரர்கள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். பிட்ச்சைப் பெருக்க வேண்டும், உருளை இழுக்க வேண்டும். மாதம் 3 ரூபாய் சம்பளம். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய். அங்கே வலை கட்டுவது, கோடு போடுவது, டென்னிஸ் தரையைச் சரிசெய்வது என்று வேலையும் கூடியது. உறுப்பினர்கள் பழகுவதற்கு ஆள் இல்லாதபோது பாலுவைப் பந்து போடச் சொன்னார்கள். கிளப்பில் இடதுகையால் பந்து வீசும் அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் ஓடி வந்து கையைச் சுழற்றும் விதத்தைப் பாலு கவனித்துக் கவனித்துத் தன் கைக்குக் கொண்டுவந்தார். வேறு குரு அவருக்குக் கிடையாது.

அப்போது பூனாவில் ஜே.ஜி. கிரெக் என்ற அதிகாரி இருந்தார். ஐரோப்பிய அணியின் பெரிய பேட்ஸ்மேன். பிற்பாடு இங்கிலாந்தில் ஹாம்ப்ஷையர் அணிக்கும் ஆடியவர். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பழகுவார். தன்னை அவுட் ஆக்கினால் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு தடவை அவுட் ஆக்கினால் ஒரு மாதச் சம்பளம்!

எட்டணா ஆசை ஒருபுறம் இருக்கட்டும். நாட்டின் தலைசிறந்த பேட்ஸ்மேன் ஒருவருக்கு நாள்தோறும் பந்து போடும் வாய்ப்பு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்காது. ஒரே பந்தைத் திரும்பப் போட்டால் கிரெக் விளாசிவிடுவார். அதனால் பாலு வேகத்தை மாற்றினார், உயரத்தை மாற்றினார், பந்து தரையில் விழும் இடத்தை ஒரு சாண் முன்னும் பின்னும் மாற்றினார். இரண்டு பக்கமும் திருப்பக் கற்றார். வெளியே திரும்பும் என்று பேட்ஸ்மேன் காத்திருக்கும்போது திரும்பாமல் நேரே வரும் பந்தையும் போட்டார். இதெல்லாம் ஒரு வாரத்தில் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில், மணிக்கணக்காக வலைக்குள் வீசி வந்தது. நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. தண்ணீர் தெளித்து உருளை இழுப்பவருக்குத்தான் எந்த இடத்தில் மண் ஈரம், எந்த இடத்தில் வெடிப்பு என்பது தெரியும். அவமானமாக நினைத்துக் கொடுத்த வேலையிலும் பாலு பாடம் படித்திருப்பார்.

இவ்வளவு காலம் பந்து போட்டவருக்கு ஒரு நாளாவது மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னார்களா என்றால், இல்லை.

அவர் திறமை ஊருக்குள் பரவியது. புனேயின் இந்து கிளப்புக்கு ஐரோப்பியர்களை வெல்ல வேண்டும் என்று ஆசை. ஆனால் உறுப்பினர்களில் பிராமணர்கள் அதிகம். சமார் ஒருவரைச் சேர்ப்பதா என்று தகராறு. தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றார்கள். கடைசியில் வெற்றி ஆசை வென்றது; பாலுவைச் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் கொட்டகைக்கு வெளியே நிற்க வேண்டும்; மண்குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள், குடித்ததும் அதை எறிந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம். முகம் கழுவத் தண்ணீர் ஊற்றவும் தீண்டத்தகாத வேலையாள் ஒருவர்தான் வர வேண்டும்.

இரட்டைக் குவளையை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கிரிக்கெட் பந்தே தோலால் ஆனது. தோல் வேலை செய்பவரைத் தொட்டால் தீட்டு என்றவர்கள் அந்தப் பந்தை நாள் முழுக்கக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

சத்தாராவில் வெள்ளையர் கிளப்போடு ஒரு ஆட்டம். பாலுவின் பந்து திரும்பக் கூடாது என்று ஒரு வாரம் பிட்ச்சை உருளையால் இறுக்கி வைத்தார்களாம். பாலு ஏழு விக்கெட் எடுத்தார். உருளை இழுத்தே வளர்ந்தவரை உருளையால் தடுக்க முடியுமா? சீர்திருத்தவாதியான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பொது மேடையில் அவருக்கு மாலை போட்டு, சேர்ந்து விளையாட முடிந்தவர்கள் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

1896-ல் தொடங்கிய பிளேக் காலத்தில் பாலு புனேயை விட்டு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானா அணியில் சேர்ந்தார். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணி ஐரோப்பிய அணியை 109 ரன்னில் வென்றது. நாடு முழுவதும் பேசப்பட்ட வெற்றி அது. பாலுவும் சிவராமும் அந்த அணியில் இருந்தார்கள். பம்பாயில் அவர்கள் மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து உண்ணவும் முடிந்தது. அன்றைய சீர்திருத்த ஏடு ஒன்று, சாதிக் கட்டு சற்று தளர்ந்ததால்தான் இந்த வெற்றி கிடைத்தது, அரசியலிலும் கல்வியிலும் இதையே செய்யுங்கள் என்ற கருத்தில் எழுதியது.

1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. ஆடிய 23 ஆட்டங்களில் 15-ல் தோல்வி. மகாராஜா மைதானத்தைவிட விருந்துகளில் அதிகம் காணப்பட்டார். அந்தத் தோல்விப் பயணத்திலும் பாலு 114 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது, தோள்வலி வேறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 103 ரன் கொடுத்து 8 விக்கெட் சாய்த்தார். லெஸ்டர்ஷையர், சாமர்செட் என்ற இரண்டு கவுண்டி அணிகளை இந்தியர்கள் வென்றதில் பல்வங்கர் சகோதரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. திரும்பி வந்தபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி வரவேற்பு கொடுத்தார்கள். அம்பேத்கர் அப்போது கல்லூரி மாணவர்; பாலுவை நினைத்துப் பெருமைப்பட்ட இளைஞர்களில் அவரும் ஒருவர்.

இத்தனைக்குப் பிறகும் இந்துக்கள் அணியின் தலைமை பாலுவுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் கோரிக்கை எழும், ஆண்டுதோறும் வேறு ஒருவர் கேப்டன் ஆவார். 1913-ல் கேப்டன் ஆன எம்.டி. பை, இந்தப் பதவி பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று தாமே வெளிப்படையாகச் சொன்னார். 1920-ல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைமைக்குத் தம்பி விட்டலையும் கருதவில்லை. திறமையைப் பார்க்காமல் சாதியைப் பார்க்கும் அணியில் ஆட மாட்டோம் என்று தம்பிகள் அறிக்கை விட்டு விலகினார்கள். பம்பாயில் அது பெரிய பேச்சானது. பிறகு சமாதானம் பேசி, பாலுவைத் துணைக் கேப்டன் ஆக்கினார்கள். கேப்டன் சிறிது நேரம் வெளியே போனபோது களத்தில் அணியை நடத்தினார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. 1923-ல் விட்டல் முறைப்படி கேப்டன் ஆனார். அந்த ஆண்டு இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை வென்றது. மேல்சாதி ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். சிவராம், கணபத், விட்டல் என்ற தம்பிகள் மூவரும் இந்துக்கள் அணிக்கு ஆடியவர்கள். ஆனால் கதவை முதலில் தள்ளித் திறந்தவர் அண்ணன்தான்.

பிற்கால அரசியலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனித்தொகுதிக் கேள்வியில் பாலு அம்பேத்கரோடு நிற்கவில்லை. நம் தமிழகத்து எம்.சி. ராஜாவின் பக்கம், கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றார். 1932 பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரைப் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. ஏறக்குறைய 2000 வாக்கில் அம்பேத்கர் வென்றார். பாலுவின் புகழை அம்பேத்கருக்கு எதிராகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது நம் கருத்து. அதற்காக அவர் பந்துவீச்சை மறந்துவிடுவது நியாயம் அல்ல. அவர் பெயர் நம் மாணவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். பாலுவுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். அதனால் டெஸ்ட் வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. முதல்தர ஆட்டங்கள் 33-ல் 179 விக்கெட். விக்கெட்டுக்குச் சராசரி 15 ரன். 1955 ஜூலை 4-ம் தேதி பம்பாயில் இறந்தார். சாந்தாகுரூஸ் சுடுகாட்டுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களும் கிரிக்கெட் வீரர்களும் வந்திருந்தார்கள்.